எஞ்சின் கத்துது, வண்டி ஏறல!

பழைய காரில் கிளட்ச் ஸ்லிப் ஆகிறதா? கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் பார்க்க வேண்டியவை.

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறுகிறது கொல்லிமலைப் பாதை. பழைய காரின் கிளட்சுக்கு இதைவிடக் கறாரான பரீட்சை கிடையாது. ஊருக்குள் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய வண்டி, நாலு பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு சில வளைவுகள் ஏறுவதற்குள் குணத்தைக் காட்டிவிடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம்தான் உயரும். வண்டி அதே வேகத்தில் ஊரும். சற்று நேரத்தில் கருகல் வாடை மூக்கில் ஏறும். ‘கிளட்ச் ஸ்லிப் ஆகுது’ என்பார் மெக்கானிக். அடுத்த வாக்கியமும் தயாராக இருக்கும்: ‘செட்டோட மாத்திடுங்க சார்.’

மாற்றத்தான் வேண்டியிருக்கலாம். ஆனால் ஸ்லிப்புக்குக் காரணம் ஒன்றல்ல. ஒரு காரணம் ஸ்பேனரால் நட்டைத் திருப்பினாலே தீர்ந்துவிடும். இன்னொன்றைக் கவனிக்காமல் விட்டால், புதிதாகப் போட்ட பிளேட்டும் அதே வழியில் போகும்.

உள்ளே நடப்பது என்ன?

1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரி வரை தயாரான மாருதி 800-ஐயே எடுத்துக்கொள்வோம். 796 சிசி, மூன்று சிலிண்டர், கேபிள் கிளட்ச். எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் அழுந்தி நிற்கிறது. அதன் இரண்டு முகத்திலும் லைனிங். அழுத்தம் தருவது டயாஃப்ரம் ஸ்பிரிங். பெடலை மிதித்தால் கேபிள் இழுக்கும், ரிலீஸ் பேரிங் போய் அந்த ஸ்பிரிங்கின் விரல்களைத் தள்ளும், பிடி விடுபடும்.

காலை எடுத்துவிட்டால் பிடி முழுதாகத் திரும்ப வேண்டும். லைனிங் தேய்ந்தாலும், அதில் ஆயில் பட்டாலும், ஸ்பிரிங் தளர்ந்தாலும், கேபிள் பாதி இழுத்த நிலையிலேயே நின்றாலும் பிடி குறையும். பிளேட் வழுக்கும்.

ஸ்லிப்தானா?

‘பிக்கப் இல்லை’ என்பதெல்லாம் ஸ்லிப் ஆகிவிடாது. எஞ்சினே பலம் குறைந்திருந்தாலும், பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தாலும் வண்டி இழுக்காது. ஆனால் அப்போது எஞ்சின் சத்தமும் உயராது, திணறும். சத்தம் தனியாக ஏறி, வேகம் பின்தங்கினால்தான் ஸ்லிப். கியர் விழ மறுப்பதும், போடும்போது கரகரப்பதும் இதற்கு நேர் எதிரான கோளாறு. அங்கே கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். பெடலை மிதிக்கும்போது மட்டும் கேட்கிற உறுமலுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது ரிலீஸ் பேரிங்கை.

உறுதிசெய்ய நல்ல இடம், ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலை. டாப் கியரில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் முனகியபடி மெல்ல மெல்ல வேகமெடுக்கும். சத்தம் சட்டென எகிறி, ஸ்பீடோமீட்டர் முள் அங்கேயே நின்றால் பிளேட் வழுக்குகிறது. பழைய 800 பலவற்றில் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர். முதல் கியரில் ஏன் தெரிவதில்லை? அங்கே வண்டி உடனே நகர்ந்துவிடுவதால் பிளேட்டின் மேல் சுமை நிலைப்பதில்லை. டாப் கியரில் வண்டி எளிதில் வேகமெடுக்காது. எஞ்சின் தரும் முறுக்கை எல்லாம் பிளேட் தாங்கியே ஆக வேண்டும். ஆரம்பநிலை ஸ்லிப் அங்கேதான் முதலில் அகப்படும்.

நின்ற இடத்திலும் ஒரு சோதனை உண்டு. சமதளம், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, முன்னால் யாரும் நிற்கக் கூடாது. மூன்றாம் கியர் போட்டு, லேசாக ரேஸ் கொடுத்துக் கிளட்சை விடுங்கள். எஞ்சின் அணைந்தால் பிடி இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்லிப் முற்றிவிட்டது. உடனே பெடலை மிதித்துவிடுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே பிளேட்டைக் கருக்கிவிடும்.

முதலில் பெடல், பிறகு பாக்ஸ்

பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் கொஞ்ச தூரம் போய், அதன் பிறகு கனக்க வேண்டும். அந்தச் சும்மா ஆட்டம்தான் ஃப்ரீ ப்ளே. பல கேபிள் கார்களில் 1 முதல் 3 செ.மீ. வரை இருக்கும், சரியான அளவு காரின் கையேட்டில் உண்டு.

லைனிங் தேயத் தேய ஸ்பிரிங்கின் விரல்கள் ரிலீஸ் பேரிங்கை நோக்கி நகர்கின்றன. ஃப்ரீ ப்ளே சுருங்கும். பெடல் மேலே வந்து பிடிக்கும். இதைக் கவனிக்காமல் ஓட்டினால் பேரிங் எப்போதும் ஸ்பிரிங்கை அழுத்தியபடியே இருக்கும். யாரோ பெடலில் ஓயாமல் கால் வைத்திருப்பதற்குச் சமம். பானெட்டைத் திறந்து, கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் முனையில் உள்ள நட்டைச் சற்றுத் தளர்த்தினால் இது சரியாகும். கேபிள் துருப்பிடித்து உறைக்குள் சிக்கினாலும் இதே தொந்தரவுதான். கேபிளை மட்டும் மாற்றினால் போதும். நட்டைத் தளர்த்த இனி மரையே இல்லை என்றாலோ, ஃப்ரீ ப்ளே சரியாக வைத்த பிறகும் வழுக்கினாலோ, பாக்ஸை இறக்குவதைத் தவிர வழியில்லை.

பழைய பிளேட்டைக் கேட்டு வாங்குங்கள்

இறக்கும் நாளில் பக்கத்தில் இருங்கள். முன்சக்கர இயக்கம் கொண்ட 800-இல் டிரைவ் ஷாஃப்டுகளைக் கழற்றித்தான் பாக்ஸ் இறங்கும், கூலி அதற்குத்தான். அதனால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே தடவையில் மாற்றுவது லாபம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

கழற்றிய பிளேட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ரிவெட் தலைகள் லைனிங்கின் மட்டத்துக்கு வந்திருந்தால் அது வயதான தேய்மானம். லைனிங் கனமாகவே இருந்து, முகம் கண்ணாடிபோல் மினுமினுத்தால் அதிகச் சூடு. மேட்டில் வண்டியை ஹாஃப் கிளட்சில் நிறுத்திவைக்கும் பழக்கத்தைச் சந்தேகியுங்கள். ஃப்ளைவீலில் நீலத் திட்டுகளும் வெடிப்புகளும் இருந்தால் அதையும் கடைசல் பட்டறைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். பிளேட் கறுத்துப் பிசுபிசுத்தால் ஆயில் சீல் போய்விட்டது. கசிவு எஞ்சின் பக்கமா, கியர்பாக்ஸ் பக்கமா என்று பார்த்து அந்தச் சீலை மாற்றாமல் புது செட்டை ஏற்ற விடாதீர்கள்.

புது செட் ஏறிய பிறகு முதல் சில நூறு கிலோமீட்டருக்கு மலையேற்றமும் பாரமும் வேண்டாம். மேட்டில் நிற்கும்போது ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். ஓடும்போது இடது காலைப் பெடலை விட்டுத் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் ஃப்ரீ ப்ளேயை அளந்து குறித்து வையுங்கள். அந்த எண் குறைந்துகொண்டே வந்தால், அடுத்த செலவு நெருங்குவதை மலைப்பாதையில் அல்ல, வீட்டு வாசலிலேயே தெரிந்துகொள்ளலாம்.