அம்பாசடர் வாடைக்கு ஒரு கணக்கு

"பழைய வண்டின்னா வாடை வரத்தான் சார் செய்யும்." பட்டறைகளில் கேட்டுப் புளித்த பதில் இது. 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர் ஒன்றை வைத்து, அந்த வாடையைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். வண்டிக்குள் சுமார் 3,000 லிட்டர் காற்று இருப்பதாகக் கொள்ளலாம்.

ஒரு சொட்டு பெட்ரோல் 0.05 மில்லி. ஆவியானால் ஏறத்தாழ 10 மில்லி. வண்டிக்குள் பரவினால் பத்து லட்சத்துக்கு 3 பங்கு. மூக்குக்கு 1 பங்கே போதும். ஆகவே ஒழுகுவது சொட்டா, செம்பா என்று மூக்கு சொல்லாது.

காலையில், குளிர்ந்த வண்டியில் வாடை அடித்தால் டேங்க் பக்கம் பாருங்கள். ஓட்டி நிறுத்தியதும் அரைமணி நேரம் அடித்தால் அது சூடான கார்பரேட்டர். அதற்காகக் கலங்க வேண்டாம். டேங்க் டியூபில் 10 விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 18 மில்லி, நாளைக்கு 432 மில்லி, மாதம் 13 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் வீதம் 1,313 ரூபாய். புது டியூபும் கிளிப்பும் 500 ரூபாய்க்குள் முடியும். அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதமே நின்றுவிட்டது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அதற்குப் பின்னால் வந்தது. அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது. எத்தனாலுக்கு ஏற்ற டியூப் என்று கேட்டு வாங்குங்கள்.

பணத்தைவிடப் பெரிய கணக்கு டிக்கியில். பெட்ரோல் ஆவி 1.4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். டிக்கி 400 லிட்டர் என்றால் 28 மில்லி பெட்ரோல் போதும். மேலே சொன்ன சொட்டு உள்ளேயே விழுந்து தேங்கினால், ஒன்றரை மணி நேர வேலை. தீக்குச்சி கிழித்து ஒழுக்கைத் தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்!

புகையில் பெட்ரோல் நெடி என்றால் கலவை அதிகம்: சோக் ஒட்டியிருக்கும், அல்லது மிதவை ஊசி தேய்ந்திருக்கும். மைலேஜ் 10-லிருந்து 8-க்கு இறங்கினால் 1,000 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் கூடுதல், 2,525 ரூபாய்.

கார்பன் மோனாக்சைடுக்கோ வாடையே கிடையாது. பழைய பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் சட்டம் அனுமதிப்பது 3 சதவீதம், அதாவது பத்து லட்சத்துக்கு 30,000 பங்கு. ஒரு மணி நேரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு சுமார் 30. அந்தப் புகையில் வெறும் 3 லிட்டர் உள்ளே நுழைந்தாலே வரம்பு எட்டிவிடும். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், டிக்கி இடுக்கு வழியே புகை உள்ளே இழுபடும்.

டிக்கி பீடிங்கில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் போய்விட்டது.