கூட வராத மாட்யூல்

ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு டியூஷன் மையத்துக்கோ மளிகைக் கடைக்கோ பைத்தானில் நிரல் எழுதித் தருபவர், அங்குள்ள கணினியில் பைத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் பைஇன்ஸ்டாலர் போன்ற கருவியைக் கொண்டு நிரல், மாட்யூல்கள், பைத்தான் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டித் தருகிறார். எழுதியவரிடம் ஒழுங்காக ஓடியது கடையில் திறந்ததும் ‘மாட்யூல் இல்லை’ என்று நின்றுவிடுகிறது. கருவியில்தான் கோளாறு என்று பலரும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது அநியாயமான தீர்ப்பு. பைஇன்ஸ்டாலர் நிரலை ஓட்டிப் பார்த்துப் பட்டியல் போடுவதில்லை. இம்போர்ட் வரிகளைப் படித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் பட்டியல் போடுகிறது. நிரல் ஓடும்போதுதான் ஒரு மாட்யூலின் பெயர் உருவாகிறது என்றால், படிப்பவர் கண்ணில் அது எப்படிப் படும்?

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, அந்தப் பெயரைக் கருவி பார்த்ததா என்பதுதான். இதற்கு விடை ஏற்கெனவே கையில் இருக்கிறது. கட்டும்போது பில்ட் அடைவுக்குள் ‘வார்ன்’ என்று தொடங்கும் உரைக்கோப்பு ஒன்று உண்டாகிறது. அதைத் திறந்து பார்ப்பவர் குறைவு. பிழைச்செய்தி சொல்லும் பெயர் அதில் இருந்தால், கருவி பெயரைப் பார்த்தது, ஆளைக் காணவில்லை என்று பொருள். பெரும்பாலும் மாட்யூலை ஒரு பைத்தானில் நிறுவிவிட்டு இன்னொரு பைத்தானில் கட்டியிருப்பார்கள். பெயரே இல்லையென்றால் அது மறைந்த இம்போர்ட்; ‘ஹிடன் இம்போர்ட்’ விருப்பத்தில் நாமே பெயர் சொல்ல வேண்டும். அங்கேயும் சறுக்கல் உண்டு. முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் தொகுப்பை நிறுவும்போது ஒரு பெயர், நிரலில் அழைக்கும்போது வெறும் ‘தமிழ்’. கருவிக்குச் சொல்ல வேண்டியது இந்த இரண்டாவது பெயரை. அதே தொகுப்பின் சொல்திருத்தி, சொற்பட்டியல்களை உரைக்கோப்புகளாக வைத்திருக்கிறது. அவை மாட்யூல்களே அல்ல என்பதால் இம்போர்ட்டைத் தொடர்ந்து போகும் கருவி அவற்றைத் தொடாது. ‘கலெக்ட் டேட்டா’ என்று தனியே கேட்க வேண்டும்.

அந்த வார்ன் கோப்பில் தேவையில்லாத பெயர்கள்தானே நிறைய என்பார்கள். உண்மைதான். விண்டோஸில் கட்டினால், யூனிக்ஸுக்கே உரிய மாட்யூல்களும் ‘காணவில்லை’ என்று வரிசையாக நிற்கும். ஆனால் ஒவ்வொரு பெயரின் அருகிலும் அதை அழைத்தது யார், எப்படி அழைத்தது என்ற குறிப்பு இருக்கிறது. ‘ஆப்ஷனல்’ என்று இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ‘டாப்-லெவல்’ என்றால் நின்று பார்க்க வேண்டும். தேடுவானேன், எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிடலாமே என்பது இன்னொரு வாதம். ‘கலெக்ட் ஆல்’ என்று விருப்பமும் உண்டு. அதற்கும் எந்தத் தொகுப்பு என்று பெயர் சொல்லியாக வேண்டும்! தவிர, ஒற்றைக் கோப்பாகக் கட்டியது ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தற்காலிக அடைவில் விரிந்துதான் ஓடுகிறது. சுமை கூடக் கூடக் கல்லாவில் நிற்பவர் அதிக நேரம் காத்திருப்பார்.

கட்டியதைப் பைத்தான் இல்லாத விண்டோஸ் கணினி ஒன்றில், கறுப்புக் கன்சோல் சாளரத்தை மறைக்காமல் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது. விடுபட்ட பெயர் அந்தச் சாளரத்தில் வரும் பிழைச்செய்தியிலேயே வந்துவிடும்.