நைரோபி 1968: பல்கலைக்கழகப் பன்னாட்டுமயமாதலும் இலக்கியத் துறையும்

பல்கலைக்கழகங்களின் பன்னாட்டுமயமாதல் இன்று அயல்நாட்டு மாணவர் தொகை, புரிந்துணர்வு ஒப்பந்தம், தரவரிசை ஆகியவற்றால் அளக்கப்படுகிறது. காலனியாட்சிக்கு உட்பட்டிருந்த நாடுகளைப் பொறுத்தவரை, எங்கே நின்றுகொண்டு உலகைக் காண்பது என்னும் வினாவை இவ்வளவுகோல் மறைத்துவிடுகிறது. கென்யாவின் நைரோபிப் பல்கலைக்கழக வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை விளக்க முற்படுகிறது.

1956இல் அரச தொழில்நுட்பக் கல்லூரியாகச் செயற்படத் தொடங்கிய இந்நிறுவனம், 1961இல் இலண்டன் பல்கலைக்கழகத்தோடு சிறப்புறவு கொண்ட பல்கலைக்கழகக் கல்லூரியாயிற்று. கற்பித்தல் நைரோபியில் நிகழ்ந்தது, பட்டமோ இலண்டனுடையது. தொடக்கத்திலேயே பன்னாட்டுத் தன்மை வாய்த்தது எனலாம். ஆயினும் அது ஒருவழிப் போக்குவரத்து. 1963இல் மக்கரேரே, தார் எஸ் சலாம் கல்லூரிகளோடு கிழக்காப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் உறுப்பான பின்னரும் ஆங்கிலத் துறையின் பாடத்திட்டம் இங்கிலாந்தின் இலக்கிய வரலாற்றையே நடுவாகக் கொண்டிருந்தது.

1968 அக்டோபரில் கூகி வா தியாங்கோ, ஹென்றி ஒவூர் அன்யும்பா, தபான் லோ லியோங் ஆகிய மூவரும் ஓர் அறிக்கை அளித்தனர். ஆங்கிலத் துறையை நீக்குக என்பது அதன் கோரிக்கை. தலைப்பின் கடுமை கருதி இதனை அயல் இலக்கிய வெறுப்பாகக் கொள்ள இடமுண்டு. உள்ளடக்கம் அதற்கு இடந்தரவில்லை. வாய்மொழி மரபு முதல் வேராகக் கொள்ளப்பட்டது. அதனோடு சுவாகிலி இலக்கியமும் அதனைச் சார்ந்து அரபு, ஆசிய இலக்கியங்களும், தேர்ந்தெடுத்த ஐரோப்பிய இலக்கியமும், தற்கால ஆப்பிரிக்க இலக்கியமும் பரிந்துரைக்கப்பட்டன. இலண்டனை மட்டும் நோக்கிய பழைய பாடத்திட்டத்தைவிட இதன் உலகப் பரப்பு பெரிது. அறிக்கை அளித்தோருள் கூகி லீட்சிலும் தபான் அமெரிக்காவின் ஐயோவாவிலும் பயின்றவர்கள் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. உலகத் தொடர்பு வேண்டுமா என்பதன்று அவர்களது வினா. அத்தொடர்பின் நடுவம் எது என்பதே.

ஆங்கிலத் துறை மறைந்து இலக்கியத் துறை உருவாயிற்று. வாய்மொழி இலக்கியம் பாடமாயிற்று. எனினும் பயிற்றுமொழி ஆங்கிலமாகவே நின்றது. பாடப்பொருள் இடம்பெயர்ந்தது, அதனைப் பேசும் மொழி பெயரவில்லை. இவ்வரம்பைக் கூகி பின்னர் தம் எழுத்தில் மீறினார். 1977இல் கூகி வா மிரீயுடன் இணைந்து கிகூயு மொழியில் எழுதிய நாடகம் தடை செய்யப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் அவர் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டார். விடுதலைக்குப் பின் பல்கலைக்கழகப் பணி அவருக்குத் திரும்பக் கிட்டவில்லை. 1994இல் அவர் தொடங்கிய ‘முதீரி’ என்னும் கிகூயு இலக்கிய இதழ் வெளிவந்த இடம் நைரோபியன்று, நியூயார்க்.