வனாந்தரத்தில் ஒரு வார இறுதி

வனாந்தரம் என்னும் சொல்லை வேதாகமத்தில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். அதைக் கண்ணால் கண்டவர்கள் நம்மில் சிலரே. டெல்லியில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கோ அது ஓர் இரவு ரயில் பயணத் தொலைவில்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் சனி, ஞாயிறோடு ஒரு விடுமுறை நாளும் சேர்ந்துவந்தால், பிள்ளைகளோடு ஜெய்சால்மர் சென்று வரலாம்.

ஜெய்சால்மர், பார்மர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ளது பாலைவனத் தேசியப் பூங்கா. சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் சாம் மணல்மேடுகளில் ஒட்டகச் சவாரி செய்து, அஸ்தமனத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். ஆனால் மணல்மேடுகள் இப்பூங்காவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. எஞ்சியவை புல்வெளியும், கல்தரையும், முட்புதர்களுமே. வனத்துறையின் அனுமதி பெற்று சுதாசரி பகுதிக்குச் சென்றால் சிங்காரா மான்களையும், பாலைவன நரியையும், கழுகுகளையும் காணலாம்.

அங்கே வாழும் அரிய பறவை கானமயில். ராஜஸ்தான் மக்கள் இதை கோடாவண் என்பர். ஒரு மீட்டர் உயரம் வளரும் இப்பறவை, ஒரு காலத்தில் நம் தமிழ்நாட்டின் வறண்ட வெளிகளிலும் வாழ்ந்தது. இன்று உலகில் 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாகக் கணிக்கப்படுகிறது. அவற்றுள் பெரும்பாலானவை ஜெய்சால்மரிலேயே உள்ளன. இது தரையில்தான் முட்டையிடும். பெரும்பாலும் ஒரே முட்டை. நாய்களும் நரிகளும் அதைத் தின்றுவிடுவதும் உண்டு.

இன்னொரு ஆபத்து மின்கம்பிகள். கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் நேர் எதிரே உள்ளதை இப்பறவை நன்றாகக் காண்பதில்லை. உடல் கனத்தால் சட்டென்று விலகவும் இயலாது. பாலைவனத்துச் சூரிய ஒளியிலும் காற்றிலும் பிறக்கும் மின்சாரத்தை நகரங்களுக்குச் சுமந்து செல்லும் கம்பிகளே அதற்குக் கண்ணியாகின்றன. கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. 2024-இல் அவ்வுத்தரவைத் திருத்தி, வல்லுநர் குழு ஒன்றை நியமித்தது. புகையில்லாத மின்சாரம் நாட்டுக்குத் தேவை. பறவையும் பிழைக்க வேண்டும். வழக்கின் சிக்கல் அதுவே.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 2019-இல் சாம் ஊரில் இனப்பெருக்க மையம் தொடங்கப்பட்டது. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் குஞ்சு பொரிந்தது.

செல்வோர் இரவுக் குளிருக்குக் கம்பளியும், பகலுக்குக் குடிநீரும், இயலுமாயின் தொலைநோக்கியும் கொண்டு செல்லுங்கள். வாகனத்தைத் தடத்தை விட்டு இறக்க வேண்டாம். பறவையை நெருங்கிப் படமெடுக்கவும் முயல வேண்டாம். கானமயில் கண்ணில் படாமலே திரும்ப நேரிடலாம். ஆயினும் தரிசு என்று நாம் ஒதுக்கும் நிலத்தில் எத்தனை உயிர்கள் குடியிருக்கின்றன என்பதை நம் பிள்ளைகள் நேரில் கண்டு வருவார்கள்.