இராத்தூக்கம் எத்தனை மணித்தியாலம் வேண்டும்?

"இராவைக்கு எத்தனை மணித்தியாலம் தூங்கினால் போதும்?" என்று நம்மிடம் கேட்பவர்களில் ஆண்களே அதிகம். கொழுந்தெடுக்கும் அம்மாமாரிடம் நாமாகப் போய்க் கேட்டால், "எங்களுக்கு ஏதுங்க ஐயா தூக்கம்" என்று சிரித்துவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு நடந்துவிடுவார்கள். ஆகவே இந்தக் கட்டுரையை வீட்டில் எல்லாரும் இருக்கும்போது யாராவது சத்தமாக வாசித்தால் நல்லது.

முதலில் வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. வளர்ந்த ஆட்களுக்கு நாளொன்றுக்கு 7 மணித்தியாலத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். 6 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணித்தியாலம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10. பிள்ளைக் காம்பராவில் விடும் 3, 4 வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 வேண்டும். வயசாளிகளுக்கும் 7 மணித்தியாலம் தேவைதான். அவர்களுக்குத் தூக்கம் அடிக்கடி கலைகிறது என்பதற்காகத் தேவை குறைந்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

அமெரிக்காவில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களைப் பற்றி 2002இல் வெளியான ஓர் ஆய்வில், 7 மணித்தியாலம் தூங்குவதாகச் சொன்னவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது. அதைவிட மிகக் குறையத் தூங்கியவர்களிடமும் மிகக் கூடத் தூங்கியவர்களிடமும் மரணம் கூடியிருந்தது. இதைக் கேட்டுவிட்டு, கூடத் தூங்கினால் ஆயுசு குறையுமோ என்று பயப்பட வேண்டாம். உடம்பில் ஏற்கெனவே வருத்தம் உள்ளவர்களும் கூட நேரம் படுத்திருப்பார்கள் அல்லவா?

இனி நம்ம லயத்துக் கணக்கைப் பார்ப்போம். ஒரு தாய் விடிய 4 மணிக்கு எழும்புகிறார். அடுப்பு மூட்டணும், ரொட்டி சுடணும், சம்பல் அரைக்கணும், தண்ணி பிடிக்கணும், பள்ளிக்கூடப் பிள்ளையை வெளிக்கிடுத்தணும், சின்னதைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓடணும். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தால் விறகு, துணி, இராச் சோறு. படுக்கும்போது 10.30. ஆக, தூக்கம் 5½ மணித்தியாலம். 7இல் 1½ குறைகிறது. வேலை நாள் 6க்கும் சேர்த்தால் 9 மணித்தியாலம்! ஒரு முழு இராத்தூக்கத்தைவிடக் கூடுதலாக ஒவ்வொரு கிழமையும் அவர் இழக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தூங்கி அடைக்கலாம் என்றால், கிழமைத் துணி முழுதும் அன்றைக்குத்தான் பீலிக்கரைக்குப் போகும்.

4 மணிக்கு எழும்பியவருக்கு இரவு 9 மணியாகும்போது 17 மணித்தியாலம் ஆகிவிடுகிறது. 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கையும் புத்தியும் ஓரளவு குடித்தவருடையதைப் போல மந்தமாகின்றன என்று 1997இல் வெளியான ஒரு பரிசோதனை காட்டியது. அந்த நேரத்தில்தான் நம் வீட்டுப் பெண் கொதிக்கிற பானையை அடுப்பிலிருந்து இறக்குகிறார். மறுநாள் மழையில் வழுக்குகிற மலையில் ஏறுகிறார். வருடக்கணக்கில் இப்படியே போனால் இரத்த அழுத்தம், சீனி வருத்தம் வரும் வாய்ப்பும் கூடுகிறது. வீட்டில் காரணமில்லாத எரிச்சலும் சண்டையும் வருவதில் பாதிக்குத் தூக்கமின்மையே காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

இந்த 1½ மணித்தியாலத்தை எந்த டாக்டரும் எழுதித் தர முடியாது. வீட்டுக்காரர்தான் தரவேண்டும். பின்னேரம் தண்ணியையும் விறகையும் புருஷன் கொண்டுவந்து வைத்து, சாப்பிட்ட கோப்பைகளைப் பெரிய பிள்ளை (மகனாக இருந்தாலும்தான்) கழுவினால், தாய் 9.30க்குப் படுக்கலாம். காலையில் பிள்ளைகளை வெளிக்கிடுத்தும் வேலையைத் தகப்பன் பார்த்தால் 4.30க்கு எழும்பினால் போதும். கணக்குச் சரியாக 7! அப்படிச் செய்கிற ஆண்கள் நம் தோட்டங்களில் இல்லாமல் இல்லை. அவர்களைப் பார்த்து லயத்தில் சிலர் கேலி பண்ணுவதும் நமக்குத் தெரியும். கேலி பண்ணுகிறவர் தன் வீட்டில் யார் கடைசியாகப் படுக்கிறார் என்று ஒரு இராவைக்குப் பார்த்துச் சொல்லட்டும்.

ஒரே காம்பராவில் எல்லாரும் படுக்கும் வீட்டில் ஒருவர் டிவி போட்டால் எல்லாருக்கும் தூக்கம் போச்சு. 9 மணிக்கு டிவியை நிறுத்திவிடுங்கள். போனையும் பாயில் வைத்துப் பார்க்க வேண்டாம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை நடுச்சாமம் வரை விழித்துப் படித்தால், படித்தது மனதில் பதியாது. படித்ததை மூளை பத்திரப்படுத்துவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்குண்டு.

"ஒரு கிளாஸ் போட்டால்தான் தூக்கம் வரும்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாராயம் சீக்கிரம் தூங்கவைக்கும், உண்மை. ஆனால் பாதி இராவுக்குப் பிறகு தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். குறட்டையையும் கூட்டும். சாயத்தண்ணியும் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு வேண்டாம். அதிலுள்ள கஃபீனில் பாதியளவு சுமார் 5 மணித்தியாலம் கழிந்தும் உடம்பில் நிற்கும், கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிக நேரம் நிற்கும். (நாமே தேயிலையைக் குறை சொல்லுகிறோம் என்று துரைமார் கோவிக்க வேண்டாம். காலையில் தாராளமாகக் குடிக்கலாம்.)

குளிர் காலத்தில் சிலர் அடுப்புத் தணலைச் சட்டியில் அள்ளிப் படுக்கிற இடத்தில் வைத்துக் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிடுகிறார்கள். இதைச் செய்யவே கூடாது. தணலிலிருந்து வரும் விஷவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். காலுக்கு மேஸ் போட்டு, கம்பளியை இரண்டாக மடித்துப் போர்த்துங்கள்.

ஸ்டோரில் இராவேலை செய்பவர்களுக்குப் பகல்தான் இரவு. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். அவர் தூங்கும்போது பக்கத்துக் காம்பராக்காரர்களும் ரேடியோவைக் குறைத்து வைத்தால் பெரிய உதவி.

7, 8 மணித்தியாலம் தூங்கியும் மலை ஏறும்போது மூச்சு வாங்குது, கண் சொக்குது என்றால், இரத்தம் குறைந்திருக்கலாம். பலத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தால் அதுவும் ஒரு வியாதி, மருந்தெடுக்க வேண்டியது. இரண்டுக்கும் தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லி ஆஸ்பத்திரிக்குத் துண்டு வாங்குங்கள். மற்றவருக்குக் கொடுத்த தூக்க மாத்திரையை இரவல் வாங்கிப் போடவேண்டாம்.