‘பாசிபிள்’ என்னும் ஆங்கிலப் பெயரடையும் தமிழின் இயலுமைச் சொற்களும்

முன்னுரை

ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் ‘பாசிபிள்’ என்னும் பெயரடையைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் ‘சாத்தியமான’ என்னும் ஒரு சொல்லையே கையாள்கின்றனர். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் பழைய ஆவணங்களைப் பெயர்ப்போர், அதே எழுத்துகளாலான பிரெஞ்சுச் சொல்லையும் எதிர்கொள்கின்றனர். இச்சொல்லின் தோற்றத்தையும் அதற்கு நிகரான தமிழ்ச் சொற்களின் பொருளெல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்பிறப்பு

‘வல்ல’ எனப் பொருள்படும் ‘போட்டிஸ்’, ‘இரு’ எனப் பொருள்படும் ‘எஸ்ஸே’ ஆகிய இரண்டும் இணைந்து ‘போஸ்ஸே’ என்னும் இலத்தீன் வினை உருவாயிற்று. அதனடியாகப் பிறந்த ‘போஸ்ஸிபிலிஸ்’, பழம்பிரெஞ்சின் வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தது. எனவே, இதன் வேர்ப்பொருள் ஆற்றலே. ‘ஃபீசிபிள்’ என்பது ‘செய்’ என்னும் வினையினின்றும், ‘பிராபபிள்’ என்பது ‘சோதித்தறி’ என்னும் வினையினின்றும் தோன்றியவை.

தமிழ்ச் சொற்கள்

‘சாத்தியம்’ என்பது நிறைவேற்றுதலைக் குறிக்கும் ‘சாத்’ என்னும் வடமொழி வேரினின்று வந்தது. தமிழில் இப்பொருளுக்குப் பல வினைகள் உள்ளன. திருக்குறளின் அறன் வலியுறுத்தல் அதிகாரத்தில் ‘ஒல்லும்’ என்னும் சொல் இயலுதற்பொருளில் ஆளப்பட்டுள்ளது. ‘இயல்’ இயல்பையும், ‘முடி’ நிறைவையும், ‘கூடு’ இணைவையும் அடிப்படையாகக் கொண்டவை. இலங்கைத் தமிழில் ‘ஏலும்’, ‘ஏலாது’ என்பன இன்றும் பேச்சில் வழங்குகின்றன.

இவற்றின் வேறுபாட்டைப் பின்வரும் தொடர்கள் காட்டும்:

1. பூரணாங்குப்பத்தில் இன்று மழை பெய்யக்கூடும்.
2. இம்மழையில் என்னால் பூரணாங்குப்பம் செல்ல முடியாது.
3. மழை விடும்வரை படகு கடலுக்குச் செல்லக்கூடாது.
4. மழை விட்டபின் செல்லலாம்.

முதல் தொடர் நிகழ்தகவைச் சுட்டுகிறது. இரண்டாவது ஆற்றலின்மையைச் சுட்டுகிறது. எழுவாய்க்கு உரியவர் ‘ஆல்’ உருபு ஏற்று வருதல் இதன் அடையாளம். மூன்றாவது தடையாகும். ‘கூடும்’ நிகழ்தகவைக் குறிக்க, அதன் எதிர்மறையான ‘கூடாது’ இன்று பெரிதும் விலக்கைக் குறிப்பது கருதத்தக்கது. நிகழ்தகவை எதிர்மறையில் கூற, ‘பெய்யாமல் இருக்கக்கூடும்’ என முதன்மை வினையையே எதிர்மறையாக்க வேண்டும். நான்காவது தொடர் அனுமதி, வாய்ப்பு என்னும் இரண்டிற்கும் இடந்தருகிறது.

முடிவுரை

ஆங்கிலப் பெயரடை ஒன்றாக இருப்பினும், தமிழ் ஆற்றலையும் நிகழ்தகவையும் அனுமதியையும் வினைகளால் பிரித்துரைக்கிறது. சட்ட ஆவணத்தில் ‘பெறலாம்’ என எழுதின், அது உரிமையா, வெறும் வாய்ப்பா என்னும் ஐயம் எழும். ஆதலால், மூலச்சொல்லுக்கு நிகராக ஒரே பெயரடையைத் தேடுவதினும், மூலத்தொடரின் கருத்தை முதலில் வரையறுத்து, அதற்குரிய தமிழ் வினையைத் தேர்தலே பொருத்தமாகும்.