கடலூரும் சிதம்பரமும் சொல்லும் செடிப் பாடம்: போதைச் செடி பற்றிப் பிள்ளை கேள்வி கேட்டால் பயப்பட வேண்டுமா?

கடலூரில் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் தினமும் பார்க்கும் பெயர்ப் பலகை, திருப்பாதிரிப்புலியூர். அந்தப் பெயருக்குள் ஒரு மரம் இருக்கிறது: பாதிரி. அங்குள்ள பாடலீஸ்வரர் கோயிலின் தலமரம் அதுதான். மருந்துக் கடைகளில் விற்கும் தசமூலாரிஷ்டத்துக்கான பத்து வேர்களில் பாதிரி வேரும் ஒன்று.

அங்கிருந்து தெற்கே 50 கி.மீ.-க்கும் குறைவான தூரத்தில் சிதம்பரம். அதன் பழைய பெயரான தில்லையும் ஒரு மரத்தின் பெயர்தான். ஆனால் இது ஆபத்தான மரம். இதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் வரும். கண்ணில் பட்டால் பார்வை தற்காலிகமாகப் போய்விடலாம். இன்று தில்லை மரத்தைப் பார்க்க, கிழக்கே பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டுக்குப் போக வேண்டும்.

ஒரு ஊர் மருந்து மரத்தின் பெயரில், பக்கத்து ஊர் நச்சு மரத்தின் பெயரில். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டையும் சொன்னால் உடனே வரும் கேள்வி, "கண்ணு நிஜமாவே தெரியாம போயிடுமா?" என்பதாகத்தான் இருக்கும். இதே பிள்ளை நாளைக்கு "கஞ்சாவும் செடிதானே, அதுல என்ன இருக்கு?" என்று கேட்டால், வீட்டில் எல்லோருக்கும் பகீர் என்கிறது. அப்படிப் பயப்பட வேண்டுமா?

எந்தச் செடி பிள்ளைகளுக்குப் பிடிக்கும்?

பொதுவாக மாணவர்கள் விலங்குகளைக் கவனிக்கும் அளவுக்குச் செடிகளைக் கவனிப்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் ஜேம்ஸ் வாண்டர்சீ, எலிசபெத் ஷஸ்லர் இருவரும் 1999-ல் இந்தக் குறைக்குத் 'தாவரக் குருடு' என்று பொருள்படும் ஒரு பெயரே வைத்தார்கள்.

இதற்கு என்ன வழி என்று தேடியவர்களில் ஒருவர் ஆஸ்திரியாவின் பீட்டர் பானி. பயன்தரும் செடிகளை மூலிகை, போதை அல்லது கிளர்ச்சி தரும் செடி, நறுமணப் பொருள், உணவுச் செடி, அழகுச் செடி என ஐந்தாகப் பிரித்து, எதில் ஆர்வம் அதிகம் என்று மாணவர்களிடம் கேட்டார். 2014-ல் வெளியான அந்த ஆய்வில் முன்னணியில் இருந்தவை இரண்டு: மூலிகைகளும் போதை தரும் செடிகளும். அழகுக்கு வளர்க்கும் செடிகள் பின்னால் போய்விட்டன.

உடம்புக்குள் போய் ஏதாவது செய்கிற செடி என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். மருந்துச் செடியையும் போதைச் செடியையும் நோக்கிப் போவது பெரும்பாலும் ஒரே ஆர்வம்தான்.

ஆர்வம் வந்தால் பழக்கமும் வந்துவிடுமா?

தெரிந்துகொள்ள நினைப்பது வேறு, தொட்டுப் பார்க்க நினைப்பது வேறு. பழக்கம் பெரும்பாலும் கைக்கு எட்டும் பொருளில்தான் தொடங்குகிறது. எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காக நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், பசை, தின்னர் போன்றவற்றை முகரும் பழக்கம் பெரியவர்களிடம் 0.58 சதவீதம். சிறுவர்களிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் அதைவிட அதிகம். இது செடியே இல்லை. சாதாரணக் கடையில் கிடைக்கும் பொருள்.

புகையிலையும் அப்படித்தான். உதட்டுக்குள் வைக்கும் 'கூல் லிப்' பள்ளி மாணவர்களிடம் பரவுவது குறித்து 2024-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலை தெரிவித்தது. பாடப் புத்தகத்தில் புகையிலையைப் படித்ததால் இது பரவவில்லை. நண்பன் நீட்டினான், கடையில் கிடைத்தது, வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

தன்மதிப்பு இருந்தால் போதுமா?

"பிள்ளைக்குத் தன்னம்பிக்கை கொடுங்க, போதைப் பக்கம் போகாது" என்று எல்லா மேடையிலும் கேட்கலாம். ஆனால் உளவியலாளர் ராய் பாமைஸ்டர் குழு 2003-ல் அதுவரை வந்த ஆய்வுகளை மொத்தமாக அலசிப் பார்த்தபோது வேறு படம் கிடைத்தது. தன்மதிப்பு உயர்வாக இருப்பது மட்டுமே புகை, மது, போதையைத் தடுப்பதாகத் தெரியவில்லை. 'நீ சூப்பர்' என்று சும்மா பாராட்டுவதால் பெரிய பலன் இல்லை என்றும் அந்தக் குழு சொன்னது.

சரி, பயமுறுத்தினால்? அதுவும் கைகொடுப்பதில்லை. வெறும் பயம் காட்டுவதும், தகவலை மட்டும் ஒப்பிப்பதும் பலன் தராதவை என்பதே ஐ.நா. போதைப்பொருள் தடுப்பு வழிகாட்டுதல்களின் நிலைப்பாடு. அவை பரிந்துரைப்பது வாழ்க்கைத் திறன் பயிற்சி: முடிவெடுப்பது, மன அழுத்தத்தைச் சமாளிப்பது, நண்பன் வற்புறுத்தும்போது உறவு முறியாமல் 'வேண்டாம்டா' என்று சொல்வது.

அதாவது, தன்மதிப்பைப் பேச்சால் ஊட்ட முடியாது. தன் கையால் ஒன்றைச் செய்து காட்டிய பிள்ளைக்கு அது தானாக வரும். பள்ளி மூலிகைத் தோட்டம் இங்கேதான் உதவும். நட்ட தூதுவளை தளிர்ப்பதைப் பார்த்து, அதைப் பற்றி ஆறாம் வகுப்புத் தம்பிக்கு விளக்கும் மாணவிக்கு ஒரு நிமிர்வு வரும். கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் உணவில் சேர்க்கச் சொன்ன வள்ளலார் வாழ்ந்த வடலூரும் இதே மாவட்டம்தான். ஆனால் தோட்டம் மட்டுமே போதையைத் தடுத்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. அது பேச்சைத் தொடங்க ஒரு நல்ல இடம்.

என்ன பேசலாம்? நான்கு செடிகள்

*நித்யகல்யாணி:* சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கப்படும் பூ. பிள்ளைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் வின்கிறிஸ்டின் மருந்து இதிலிருந்துதான் கிடைக்கிறது. ஆனால் இலையைப் பறித்து மெல்லக் கூடாது. செடியும் மருந்தும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

*ஊமத்தை:* ரோட்டோரம் வளரும் விஷச் செடி. இந்தக் குடும்பத்துச் செடிகளில் உள்ள அட்ரோபின், பூச்சிமருந்து விஷம் ஏறியவரைக் காப்பாற்ற மருத்துவமனையில் பயன்படுகிறது. அதன் அளவை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர் மட்டுமே.

*புகையிலை:* தன்னைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்ட அந்தச் செடி தயாரிப்பதுதான் நிகோடின். அதனால்தான் விவசாயிகள் புகையிலைக் கரைசலைப் பயிருக்குத் தெளித்தார்கள். 'அளவுக்கு மிஞ்சினால்தான் நஞ்சு' என்ற கணக்கு இங்கே செல்லாது. புகையிலையில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. தாம்பூலத்தில் இருக்கும் பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

*கஞ்சா:* "அது மூலிகைதானே?" என்ற கேள்வி வரும். மழுப்பாமல் பதில் சொல்லலாம். இந்தச் செடியில் இருக்கும் கன்னாபிடியால் என்ற போதை தராத பொருளுக்கு, அரிய வகை வலிப்பு நோய்க்காக 2018-ல் அமெரிக்கா அனுமதி தந்தது உண்மை. போதை தருவது வேறொரு பொருள். மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருப்பதால், அந்தப் போதை பெரியவர்களைவிட மாணவர்களுக்கு அதிக ஆபத்து.

வீட்டில் செய்ய வேண்டியது என்ன?

தம்பி, தங்கை, அக்கா பிள்ளை யார் கேட்டாலும், முதல் பதில் "உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று இருக்க வேண்டாம். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி உங்களிடம் வராது. மொபைலுக்கோ, கடை வாசலில் நிற்கும் சீனியருக்கோ போய்விடும். "எங்க கேள்விப்பட்ட?" என்று சாதாரணமாகத் திருப்பிக் கேளுங்கள். தெரியாவிட்டால் "தெரியல, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்வதில் தப்பே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

* கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது (2003 சட்டம்).
* 18 வயதுக்குக் குறைவானவருக்கு மது, புகையிலை, போதைப்பொருள் கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் (2015 சிறார் நீதிச் சட்டம், பிரிவு 77).
* போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவி தேவைப்பட்டால் 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுமே கட்டணமில்லா எண்கள்.

தில்லை மரத்தில் கை வைக்கக் கூடாது என்பது பிச்சாவரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த மரத்தைப் பற்றிப் பேசாமல் மறைத்ததால் வந்த அறிவு அல்ல அது. வீட்டுப் பெரியவர்கள் மரத்தைக் காட்டி, ஏன் தொடக் கூடாது என்று சொல்லி வளர்த்ததால் வந்தது.